காட்டுக்குப் போகாத காட்டு வண்டிகள்

ஞாயிற்றுக்கிழமைக் காலையில் வெள்ளவத்தையைப் பார்ப்பதே ஒரு தனிச் சுகம். காலி வீதியில் கடைகள் ஒவ்வொன்றாகக் கதவு திறக்கின்றன. கோயிலுக்குப் போகும் தாய்மாரும், வகுப்புக்கு விரையும் மாணவரும், மரக்கறிப் பையுடன் திரும்பும் முதியோரும் நடைபாதையைப் பகிர்ந்துகொள்கின்றனர். மேற்குப் புறத்துக் குறுக்கு வீதிகளெல்லாம் கடலை நோக்கி இறங்கி, மரைன் டிரைவையும் அதற்கப்பாலுள்ள ரயில் பாதையையும் கண்டு நின்றுவிடுகின்றன. வடக்கே வெள்ளவத்தைக் கால்வாய். தெற்கே தெஹிவளைக் கால்வாய். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சிறு நிலத்தில் ஒரு மாவட்டத்தின் சனத்தொகையே அடுக்கு மாடிகளில் ஏறிக் குடியிருக்கிறதோ என்று ஐயுற வேண்டியிருக்கிறது. குறுக்கு வீதியில் இரண்டு கார்கள் எதிரெதிராக வந்துவிட்டால், இரண்டில் ஒன்று பின்வாங்கியே ஆகவேண்டும்.

இத்தகைய ஒடுங்கிய வீதிகளில் அண்மைக் காலத்தில் நாம் அதிகமாகக் காண்பவை உயர்ந்து அகன்ற பெருவண்டிகள். பொதுமக்கள் அவற்றையெல்லாம் ஒரே சொல்லில் ‘ஜீப்’ என்று அழைத்துவிடுகின்றனர். செய்தவர்கள் சூட்டிய பெயர்களோ மிகவும் ஆடம்பரமானவை. அவற்றைத் தமிழாக்கினால் ஒன்று ‘காவலன்’ என்றாகும். ஒன்று ‘கண்டுபிடிப்பு’ என்றாகும். மற்றொன்று ‘நிலவுலா’ என்றாகும். இன்னுமொன்று ‘மேய்ச்சல்வெளி உலாவி’ என்றாகும். விளம்பரப் படங்களில் இவை பாலைவன மணலை வாரி இறைக்கின்றன. பனிமலை உச்சியில் நின்று பள்ளத்தாக்கை நோக்குகின்றன. ஆற்றைக் குறுக்கறுத்துப் பாய்கின்றன. வெள்ளவத்தையில் நாம் காணும்போதோ, பிள்ளைகளை வகுப்பில் இறக்கிவிட்டு, வாகனத்தை நிறுத்த ஓர் இடம் கிடைக்காதா என்று மூன்றாம் முறையாக அதே வீதியைச் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

இந்த வண்டிகள் தாம் சொல்வதைச் செய்ய வல்லனவா? வல்லனவாயின், வாங்குகிற நமக்கு அந்த வல்லமை எவ்வளவு வேண்டும்? கோடிக் கணக்கான ரூபாவும், ஒரு குடும்பத்தின் பல்லாண்டு உழைப்பும், வெளிநாட்டிலிருக்கும் பிள்ளையின் சேமிப்பும் இதில் அடங்கியிருப்பதால், விடையைச் சற்று நிதானமாகத் தேடுவது நன்று. வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை வரையுள்ள ஏறத்தாழ 10 கிலோமீற்றர் வழியை நாம் இந்தக் கேள்வியோடு கடந்து வந்தோம். வழியில் கண்டவற்றையும், இவ்வண்டிகளின் வரலாறு சொல்லும் செய்திகளையும் வாசகர் முன் வைக்கிறோம்.

யுத்தமும் வயலும் பெற்ற பிள்ளை

இந்தக் குலத்தின் மூதாதை அமெரிக்க இராணுவ ஜீப். இரண்டாம் உலக யுத்த காலத்தில் வில்லிஸ், போர்ட் ஆகிய இரு கம்பெனிகளும் சேர்ந்து ஏறத்தாழ 6 இலட்சத்து 40 ஆயிரம் ஜீப்புகளைச் செய்து குவித்தன. யுத்தம் முடிந்ததும், இங்கிலாந்தில் ரோவர் கம்பெனியின் தலைமைப் பொறியியலாளராயிருந்த மொரிஸ் வில்க்ஸ், வேல்ஸ் நாட்டு ஆங்கில்சித் தீவிலிருந்த தமது பண்ணையில் ஒரு பழைய ஜீப்பை வைத்து வேலை வாங்கினார். அது தேய்ந்து போனால் அதற்குப் பதிலாக எதை வாங்குவது என்ற எண்ணத்திலிருந்தே லாண்ட் ரோவர் பிறந்தது. 1948 ஏப்ரலில் அம்ஸ்ரர்டாம் கண்காட்சியில் அது உலகுக்குக் காட்டப்பட்டது. உருக்குத் தட்டுப்பாடான காலமாதலால் உடலை அலுமினியக் கலவையில் செய்தார்கள். உழுவதற்கும், இழுப்பதற்கும், பண்ணைச் சுமை ஏற்றுவதற்குமான வண்டி அது. அதில் சொகுசு என்பது மருந்துக்கும் இல்லை.

கிழக்கே ஜப்பானிலும் அவ்வாறே. 1951இல் ரொயோட்டாவின் புதிய நான்கு சக்கர இழுவை வண்டி பூஜி மலையின் ஆறாவது தங்குமிடம் வரை ஏறிக் காட்டியது. 1954இல் அதற்கு லாண்ட் குறூஸர் என்ற பெயர் சூட்டப்பட்டது. அந்த வண்டியின் வழிவந்த 70 ஆம் தொடர் 1984இல் தொடங்கி இன்றும் செய்யப்பட்டு வருகிறது. நிவாரண நிறுவனங்களின் கொடி பறக்க வன்னியின் செம்மண் தெருக்களில் ஓடிய வெள்ளை நிற லாண்ட் குறூஸர்களை நம்மவர் எளிதில் மறக்கமாட்டார்கள்.

1970ஆம் ஆண்டு இக்குலத்தில் இரண்டு குழந்தைகள் பிறந்தன. ஒன்று இங்கிலாந்தின் ரேஞ்ச் ரோவர். மற்றது ஜப்பானின் சுசுக்கி ஜிம்னி. முன்னது 3.5 லீற்றர் கொள்ளளவுள்ள எட்டு உருளை எஞ்சினுடையது. பின்னதன் எஞ்சினோ வெறும் 359 கன சென்ரிமீற்றர். ஆனால் அன்றைய ரேஞ்ச் ரோவரும் இன்று நாம் கருதுவதுபோல் ராஜபோகமானதன்று. அதன் ஆசனங்கள் வினைல் உறையிட்டவை. சேறு படிந்தால் தண்ணீர்க் குழாயைப் பிடித்து உட்புறத்தையே கழுவிவிடலாம் என்பது அதன் பெருமைகளுள் ஒன்று. பின்வந்த ஆண்டுகளில் தோலும், மரமும், கம்பளமும் உள்ளே நுழைந்தன. தண்ணீர்க் குழாய் வெளியேறிவிட்டது.

அதன்பின் வந்தது பெரிய மாற்றம். 1994இல் ரொயோட்டா ராவ்4, 1995இல் ஹொண்டா சீஆர்வி, 1998இல் லெக்சஸ் ஆர்எக்ஸ் என வரிசையாக வந்தவை, சாதாரணக் காரின் உடலமைப்பை உயர்த்தி ஜீப்பின் தோற்றத்தைப் போர்த்தியவை. 1999இல் பிஎம்டபிள்யூ எக்ஸ்5, 2002இல் போர்ஷே கயென் என ஐரோப்பியச் செல்வந்தர்க்கான பிரபல கார்க் கம்பெனிகளும் இந்த வரிசையில் சேர்ந்துகொண்டன. நமது நாட்டில் மிகவும் பரவிய ஹொண்டா வெசல்களில் மிகப் பல முன் சக்கரங்களால் மாத்திரம் இழுக்கப்படுபவை. ஆகவே ‘ஜீப்’ என்று ஒரே பெயரால் அழைத்தாலும், வீதியில் நாம் காண்பவை ஒரே சாதி அல்ல. புலியும் பூனையும் ஒரு குடும்பம் என்று விலங்கியல் சொல்லலாம். வேட்டைக்குப் போகும்போது வேறுபாடு தெரிந்துவிடும்.

வீதியை விட்டு இறங்குவது எப்படி?

மாணவர் பொருட்டு இதன் நுட்பத்தைச் சிறிது விளக்குவோம். கரடுமுரடான நிலத்தில் ஒரு வண்டிக்கு முக்கியமாக ஐந்து பொருள்கள் வேண்டும்.

முதலாவது, நிலத்துக்கும் வண்டியின் அடிவயிற்றுக்கும் இடையிலுள்ள உயரம். இரண்டாவது, முன்னும் பின்னும் மேடு தட்டாத கோணம். மேட்டில் ஏறும்போது சக்கரம் தொடுமுன் முன் தாங்கி தொட்டுவிட்டால் பயணம் அங்கேயே முடிந்தது. மூன்றாவது, தாழ்ந்த கியர்த் தொகுதி. வேகத்தைக் குறைத்து விசையைப் பெருக்கி, ஆமைபோல் ஊர்ந்து ஏறவும் இறங்கவும் இதுவே துணை. நான்காவது, சக்கரங்களுக்கு விசையைப் பங்கிடும் அமைப்பு. சாதாரண வண்டியில் ஒரு சக்கரம் சேற்றில் சுழலத் தொடங்கினால் எஞ்சினின் வலியெல்லாம் அந்த வீண் சுழற்சிக்கே போய்விடும். உறுதியான தரையில் நிற்கும் சக்கரம் சும்மா நிற்கும். இதனைத் தடுக்கப் பூட்டு வேண்டும். அல்லது சுழலும் சக்கரத்தை மாத்திரம் பிடித்து நிறுத்தும் மின்னணுத் தந்திரம் வேண்டும். ஐந்தாவது டயர். மற்ற நான்கும் இருந்து இது இல்லையேல் எல்லாம் வீண்.

இந்த அளவுகோலால் அளந்தால், விலையுயர்ந்த வண்டிகளுள் சில உண்மையாகவே வல்லமை வாய்ந்தவை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2019இல் வெளிவந்த புதிய டிபெண்டர், காற்றுத் தாங்கிகளால் உடலை முழுதும் உயர்த்திக்கொண்டால், அடிவயிறு நிலத்திலிருந்து 291 மில்லிமீற்றர் எழும்பும். 900 மில்லிமீற்றர் ஆழமுள்ள நீரைக் கடக்கலாம் என்று அதன் செய்தவர்கள் கூறுகின்றனர். இவை பழைய லாண்ட் ரோவர்களை விஞ்சிய அளவுகள். 1982இல் தோன்றிய மிற்சுபிஷி பஜேரோ, டக்கார் என்னும் பாலைவன ஓட்டப் போட்டியில் 12 முறை முதலிடம் பெற்றது. அந்தப் பஜேரோவே நம் நாட்டில் அதிகாரத்தின் மறுபெயராகி, அரசியல்வாதிகளை வாசலில் ஏற்றி வாசலில் இறக்கும் தொழிலில் காலங்கழித்தது. பாலைவனத்தை வென்ற வீரனைப் பல்லக்குத் தூக்க வைத்த கதை இது.

ஆயினும் இதே அளவுகோல் இன்னொன்றையும் காட்டுகிறது. இன்றைய ஜிம்னியின் அடிவயிற்று உயரம் 210 மில்லிமீற்றர். பின்புறக் கோணம் ஏறத்தாழ 49 பாகை. தாழ்ந்த கியர்த் தொகுதியும் உண்டு. எடையோ 1,100 கிலோகிராம் அளவே. இன்றைய ரேஞ்ச் ரோவர் அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் எடையுள்ளது. சேறும் மணலும் விலைச் சீட்டைப் படிப்பதில்லை. எடையை மாத்திரமே உணர்கின்றன. சிறியவன் நழுவிச் செல்லும் இடத்தில் பெரியவன் புதைவதற்கு இதுவே காரணம்.

மூன்று சோதனைகள்

விளம்பரத்தைச் செயல் சோதித்த வரலாறுகள் மூன்றைக் கூறுவோம்.

1971 டிசெம்பரில் பிரித்தானிய இராணுவ அதிகாரி ஜோன் பிளாஷ்போர்ட் ஸ்னெல் தலைமையில் ஒரு குழுவினர், இரண்டு புத்தம் புதிய ரேஞ்ச் ரோவர்களுடன் அலாஸ்காவிலிருந்து தென் அமெரிக்காவின் தென்கோடியை நோக்கிப் புறப்பட்டனர்.  பனாமாவுக்கும் கொலம்பியாவுக்கும் இடையே வீதியே இல்லாத டாரியன் காட்டில்தான் சோதனை வந்தது. சதுப்புக்கென்று பூட்டிய பெருந் டயர்களின் பளுவும், ஏற்றிய சுமையும் சேர்ந்து அச்சுகளின் பற்சக்கரப் பெட்டிகளை உடைத்துவிட்டன. உதிரிப் பாகங்கள் வரும்வரை காட்டிலே காத்திருக்க நேர்ந்தது. வழி காண்பதற்கு ஒரு பழைய லாண்ட் ரோவரை வாங்கி முன்னே விட்டனர். ஏறத்தாழ 100 நாள்கள் சென்றபின் ரேஞ்ச் ரோவர்கள் இரண்டும் காட்டைக் கடந்தன. கம்பெனி அதனைப் பெருமையுடன் சொல்லிக்கொண்டது. சொல்லவும் உரிமை உண்டு. ஆனால் வெட்டுக்கத்தியோடு பாதை திறந்த மனிதர்களும், மிதவைகளும், கயிறுகளும் இல்லையேல் வண்டி தனியே ஒரு மைலும் போயிராது.

இரண்டாவது, 2018இல் சீனாவின் தியன்மன் மலையில் நிகழ்ந்தது. அங்குள்ள 999 படிகளின் மீது ஒரு ரேஞ்ச் ரோவர் ஸ்போர்ட் வண்டியை ஏற்றி உச்சிக்குக் கொண்டு போனார்கள். ஓட்டியவர் தேர்ந்த பந்தய வீரர். ஏழு ஆண்டுகளின் பின், 2025 நவம்பரில், செரி என்ற சீனக் கம்பெனி தனது வண்டியை அதே படிகளில் ஏற்ற முயன்றது. வண்டி இடைவழியில் பின்னோக்கி வழுக்கிக் கைப்பிடி வேலியை மோதி உடைத்தது. கம்பெனி பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. ஒரே மலை, ஒரே படிகள். தோற்றம் ஒத்திருப்பதால் வல்லமையும் ஒத்திருக்கும் என்று எண்ணுவோர்க்கு இது நல்ல பாடம்.

மூன்றாவது, மலையிலன்றி மன்றத்தில் நடந்தது. 2021இல் டிபெண்டர் விளம்பரப் படமொன்றில், மலை விளிம்பை நோக்கி வண்டி பின்னோக்கி வருகிறது. எச்சரிக்கை மணி ஒலிக்கிறது. ஓட்டுநர் விளிம்பிலே நிறுத்துகிறார். பிரித்தானிய விளம்பர ஒழுங்கு அதிகார சபை இதனைத் தடை செய்தது. காரணம் என்ன? பின்புற உணரிகள் பின்னே நிற்கும் பொருளைத்தான் அறியும்; பின்னே நிலமே இல்லை என்பதை அறியும் என்று நம்பிவிடக் கூடாது. படத்தைப் பார்த்து ஒருவர் பள்ளத்தின் ஓரத்தில் அந்த மணியை நம்பினால், அவர் உயிருக்கு யார் பொறுப்பு?

கொழும்பின் ஆறு

நமது நகரத்தில் இவ்வண்டிகள் தம் வீரத்தைக் காட்ட ஒரே ஒரு சந்தர்ப்பம் உண்டு. அது வெள்ளம். 1992 யூன் 4ஆம் திகதி கொழும்பில் 24 மணி நேரத்தில் 493.7 மில்லிமீற்றர் மழை பெய்தது. 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகி நகரின் தாழ்ந்த பகுதிகள் பல நாள் நீரில் கிடந்தன. ஒவ்வொரு பெருமழையின் பின்னும், “நல்ல உயரமான வண்டி ஒன்று இருந்தால்!” என்ற ஏக்கம் குடும்பங்களில் எழுவது இயல்பே.

இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். செய்தவர்கள் கூறும் நீராழ அளவு, அசைவற்ற நீரில், உறுதியான தரைமீது, மெதுவாகச் செல்வதற்கு உரியது. எஞ்சினுக்குக் காற்று உள்வாங்கும் வாயில் எங்கே இருக்கிறது என்பதே முக்கியம். அவ்வாயிலுக்குள் நீர் புகுந்தால் உருளைகளுக்குள் சென்று நிறையும். காற்றை அமுக்கலாம்; நீரை அமுக்க முடியாது. கணப்பொழுதில் எஞ்சினின் தண்டுகள் வளைந்துவிடும். ஓடும் நீரோ இன்னும் கொடியது. ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் நீர் பல கார்களை மிதக்கச் செய்யும் என்றும், 60 சென்ரிமீற்றர் ஆழத்தில் விரைந்தோடும் நீர் இப்பெருவண்டிகள் உட்படப் பெரும்பாலான வாகனங்களை அடித்துச் செல்லும் என்றும் அமெரிக்க வானிலைச் சேவை எச்சரிக்கிறது. உயரமான வண்டி தரும் துணிவு, அதன் உயரத்தைவிட அதிகமாயிருப்பதே ஆபத்து. கொழும்பு வெள்ளத்தில் மூடி திறந்துகிடக்கும் வடிகாலை எந்த உணரியும் காட்டித் தராது. ஆழமறியாமல் காலை விடாதே என்று நம் பாட்டிமார் சொன்னது சக்கரங்களுக்கும் பொருந்தும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது, மலைநாட்டில் மண்சரிவு வீதிகளையே அறுத்தெறிந்தது. வீதி அறுந்த இடத்தில் நான்கு சக்கர இழுவை என்ன செய்யும்? உயிர்களைக் காத்தவை படகுகளும், ஹெலிகொப்டர்களும், மனிதர் தோள்களுமே.

கொட்டாஞ்சேனையில் கேட்ட தீர்ப்பு

பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, கோட்டை ஆகியவற்றைக் கடந்து, ஆடிவேல் விழாவின் தேர் புறப்படும் செட்டியார் தெருவையும் தாண்டினால் கொட்டாஞ்சேனை வந்துவிடும். ஜிந்துப்பிட்டி முருகன் கோயிலும், பொன்னம்பலவாணேஸ்வரரின் கருங்கற் கோயிலும், புனித லூசியாள் பேராலயத்தின் கவிகை மாடமும் ஒன்றுக்கொன்று அயலிலே நிற்கும் பழைய நகரம் இது. துறைமுகத்துக்குச் செல்லும் கொள்கலன் லொறிகளும், முச்சக்கர வண்டிகளும், புறக்கோட்டைக்குச் சுமை தள்ளும் கைவண்டிகளும் இங்கே வீதியைப் பங்கிட்டுக்கொள்கின்றன.

கொட்டாஞ்சேனையில் முன்னாளில் ஸ்கின்னர் வீதி என ஒரு வீதி இருந்தது. பதினான்கு வயதிலே இராணுவத்திற் சேர்ந்து, 1820 முதல் கண்டி வீதி வேலையில் ஈடுபட்டு, பின்னர் இத்தீவின் வீதிகளுக்கெல்லாம் ஆணையாளராய் விளங்கிய தோமஸ் ஸ்கின்னரின் பெயர் அது. வீதியில்லாத காட்டையும் மலையையும் அவர் கால்நடையாகவும் குதிரைமீதும் அளந்தார், வீதி அமைத்தார். வீதியற்ற நிலத்தை வெல்லும் வழி அங்கே வீதி போடுவதுதான் என்பது அவர் கண்ட முடிவு. அவரும் அவர் பின்வந்தோரும் அந்த வேலையைச் செவ்வனே செய்துவிட்டதால், இன்று கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கோ, திருகோணமலைக்கோ, மட்டக்களப்புக்கோ செல்லும் குடும்பம் தார் வீதியை விட்டு இறங்கவேண்டிய தேவையே இல்லை.

இப்பகுதியிலுள்ள ஒரு கராஜில் சிறிது நேரம் நின்றோம். உள்ளே ஒரு பெருவண்டி தூக்கி நிறுத்தப்பட்டிருந்தது. அதன் சக்கர வளையம் மிகப் பெரியது; அதைச் சுற்றிய டயரோ ஒரு கறுப்புப் பட்டி கட்டியதுபோல் மெல்லியது. பக்கச் சுவர் வெடித்திருந்தது. மலை ஏறியதா என்று கேட்டோம். எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தபடி முதிய மெக்கானிக் சிரித்தார்.

“மலையா? பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு குழி ஐயா, அவ்வளவுதான். இந்த டயர் காட்டுக்குப் போட்டதில்லை, காட்டுறதுக்குப் போட்டது.”

ஒரு நூலளவு எழுதவேண்டியதை ஒரு வசனத்தில் அவர் முடித்துவிட்டார். கரடுமுரடான நிலத்துக்கு வேண்டியது தடித்த பக்கச் சுவருள்ள டயர். காற்றைச் சற்றுக் குறைத்தால் அது பரந்து மணலைப் பற்றும். கல்லில் மோதினால் வளைந்து கொடுக்கும். சொகுசு வண்டிகளுக்கு அழகுக்காக 22, 23 அங்குல வளையங்களைப் பூட்டுகையில் அந்தச் சதைப்பிடிப்பு மறைந்துவிடுகிறது. ஆயிரம் பொறியியல் நுட்பங்கள் மேலே இருந்தென்ன? நிலத்தைத் தொடுவது டயர் மட்டுமே. மெக்கானிக்கிடம், காட்டுக்குப் போவதாயின் அவர் எதை எடுப்பார் என்றும் கேட்டோம்.

“பஞ்சிகாவத்தையில் எதுக்குச் சாமான் கிடைக்குமோ அதை எடுப்பேன் ஐயா. காட்டில் நின்றால் கம்பியூட்டர் வந்து இழுக்காது.”

காட்டில் வாழ்பவர் எதை ஓட்டுகிறார்கள்?

எந்தக் கருவி நல்லது என்று அறிய, அதனால் பிழைப்பவரைப் பார்க்கவேண்டும். யால, வில்பத்து வனங்களில் பயணிகளை ஏற்றிச் செல்வோர் நாள்தோறும் சேற்றிலும் மணலிலும் ஓடுகின்றனர். அவர்கள் வைத்திருப்பவை பழைய லாண்ட் ரோவர்களும், இந்திய மஹீந்திராக்களும், பின்புறம் திறந்த ஜப்பானிய வண்டிகளுமே. நக்கிள்ஸ் மலைத்தொடரின் நடுவேயுள்ள மீமுரே கிராமத்துக்கு அரிசியும் மனிதரும் நெடுங்காலம் பழைய ஜீப்புகளிலேயே போயின. வன்னியில் இடம்பெயர்ந்த மக்களை, அவர்தம் கூரைத் தகரங்களோடும் கோழிக் கூடுகளோடும், காட்டுப் பாதைகளில் காத்துச் சென்றவை உழவு இயந்திரங்களும் லாண்ட்மாஸ்டர்களும். அவற்றுக்கு எவரும் விளம்பரப் படம் எடுக்கவில்லை.

இந்தியாவில் டார்ஜிலிங் பகுதியிலுள்ள மானேபஞ்சன் என்னும் ஊரிலிருந்து 3,636 மீற்றர் உயரத்திலுள்ள சந்தக்பூ சிகரத்துக்கு 31 கிலோமீற்றர் கற்பாதை ஒன்று உண்டு. அங்கே 1950களின் லாண்ட் ரோவர்கள் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக வாடகை வண்டிகளாக ஓடின. 2018இல் லாண்ட் ரோவரின் 70ஆம் ஆண்டு நிறைவின்போது கம்பெனியே அவ்வூருக்குச் சென்று அக்கிழ வண்டிகளைப் படமெடுத்து உலகுக்குக் காட்டியது. புதியதை விற்கப் பழையதன் புகழ் தேவைப்பட்டது. அப்பழைய வண்டிகளை ஓடச் செய்ததோ, ஊர்க் கொல்லர்களின் கைவண்ணமும், வழியின் ஒவ்வொரு கல்லையும் அறிந்த சாரதிகளின் நிதானமுமாம்.

குடும்பம் கேட்கவேண்டிய கணக்கு

உயர்ந்த ஆசனத்தில் முதியவர்கள் இலகுவாக ஏறி இறங்கலாம். குழியும் மேடும் உடலை வருத்தா. குடும்பம் முழுவதும் பொருள்களோடு ஊர் போய்வரலாம். இவை மெய்யான நன்மைகள். இவற்றுக்காக ஒருவர் பெருவண்டி வாங்கினால் குறை கூற எவருக்கும் உரிமையில்லை. ஆனால் காட்டுக்கென்று செய்த வல்லமைக்கு விலை கொடுத்துவிட்டு, அதனை ஒரு நாளும் பயன்படுத்தாமல், அதன் எடையை மட்டும் நாள்தோறும் இழுத்துத் திரிவது எவ்வளவு சிக்கனம்?

2022ஆம் ஆண்டை நினைத்துப் பார்ப்போம். எரிபொருள் அட்டை முறை தொடங்கியபோது கார்களுக்கு வாரம் 20 லீற்றர் என்றார்கள். லீற்றருக்கு 20 கிலோமீற்றர் ஓடும் சிறிய கார் அந்த 20 லீற்றரில் 400 கிலோமீற்றர் சென்று யாழ்ப்பாணத்தை எட்டும். லீற்றருக்கு 7 கிலோமீற்றர் ஓடும் பெருவண்டி 140 கிலோமீற்றரில், புத்தளத்தைக் கடந்தவுடன் நின்றுவிடும். உலகத்தையே சுற்றிவர வல்லது என்று வாங்கிய வண்டி, ஊருக்கே போய்ச் சேரவில்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டிருக்கிறது. ஆசைகளும் அதனோடு திறந்துகொண்டன. கணக்கை மறந்துவிடலாகாது.

பணத்தினும் பெரிய கணக்கு ஒன்று உண்டு. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்புறுதி நிறுவனம், ஏறத்தாழ 18,000 பாதசாரி விபத்துகளை ஆராய்ந்து 2023இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. முன்மூடி 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டி மோதினால், 30 அங்குலமோ அதற்குக் குறைவோ உயர்ந்து சரிந்த முகமுள்ள காரைவிட, மரணம் நேரும் வாய்ப்பு ஏறத்தாழ 45 வீதம் அதிகம் என்று அது கண்டது. தாழ்ந்த கார் காலைத் தட்டும். உயர்ந்த வண்டி மார்பையும் தலையையும் தாக்கும். ஆறு வயதுப் பிள்ளையொன்று நிமிர்ந்து நின்றாலும் அதன் தலை 40 அங்குலத்துக்குச் சிறிதே மேலே வரும். அம்மூடிக்கு மிக அருகே நிற்கும் பிள்ளையைச் சாரதியால் காண முடியாமலே போகலாம். வெள்ளவத்தைக் குறுக்கு வீதிகளிலும், கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளிலும், வகுப்பு விட்டதும் சிதறியோடும் பிள்ளைகளை நினைத்தால் இந்தச் செய்தி நெஞ்சைச் சுடுகிறது. நம் பிள்ளையைக் காக்க வாங்கிய கோட்டை, அயலார் பிள்ளைக்கு யமனாகலாமா?

வண்டி வாங்கச் செல்லும் குடும்பத்தினர் சில கேள்விகளை முன்கூட்டியே எழுதிக்கொள்வது நன்று. சென்ற ஆண்டு நாம் எத்தனை நாள் தார் வீதியை விட்டு இறங்கினோம்? இவ்வண்டியில் நான்கு சக்கர இழுவையும் தாழ்ந்த கியர்த் தொகுதியும் உண்மையில் உண்டா, தோற்றம் மட்டுமா? டயரின் பக்கச் சுவர் எவ்வளவு தடிப்பு? உதிரிப் பாகம் இங்கே கிடைக்குமா, கடல் கடந்து வரவேண்டுமா? ஓட்டுபவர் சேற்றில் ஓட்டப் பழகியவரா? நம் வீட்டு ஒழுங்கைக்குள் இது திரும்புமா? இவற்றுக்கு நேர்மையாக விடை எழுதினால், விற்பனையாளர் எத்துணைப் பேசினாலும் ஏமாற்றம் நேராது.

நாம் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடை இதுவே. சொகுசு ஜீப்புகளுள் ஒரு சில, விளம்பரம் சொல்வதைச் செய்ய வல்லன. ஆனால் தக்க டயரும் தேர்ந்த கையும் அவற்றோடு சேரவேண்டும். பல, வல்லன போன்று தோன்றுவன மாத்திரமே. வல்லனவாயினும், நம்முள் மிகச் சிலரைத் தவிர அந்த வல்லமையை வேண்டுவார் இல்லை. எந்த வேலைக்கு எந்த இடம், எந்த இடத்துக்கு எந்தக் கருவி என்று ஆராய்வதற்கு ‘இடனறிதல்’ என ஓர் அதிகாரமே வகுத்துத் தந்தவர் வள்ளுவர். மலைக்குரியது மலைக்கு, கடலுக்குரியது கடலுக்கு. வெள்ளவத்தைக் குறுக்கு வீதிக்கு உரியது எதுவென்று அதில் வாழும் நாமே தீர்மானிக்க வேண்டும். அந்தத் தீர்மானத்தைப் பனிமலைப் படத்திடம் ஒப்படைத்துவிட்டால், தவறு வண்டியுடையதன்று.